கையில் பணமாகவே கொடுத்தால்? ஏழைக் கிராமக் குடும்பங்களுக்கான நேரடிப் பண உதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்குப் பணத்தை நேராகக் கையில் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே பல கேள்விகள் எழுகின்றன. சில கேள்விகள் அக்கறையில் பிறப்பவை. சில, ஏழைகளைப் பற்றி நாம் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவரும் எண்ணத்தில் பிறப்பவை. இரண்டு வகைக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும். ஏனென்றால் கடந்த 30 ஆண்டுகளில் பல நாடுகளில் இந்த உதவி கொடுக்கப்பட்டு, பெற்ற குடும்பங்களையும் பெறாத குடும்பங்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

நேரடிப் பண உதவி என்று எதைச் சொல்கிறோம்?

திருப்பிக் கேட்காத பணத்தை, பொருளாக மாற்றாமல், பணமாகவே ஒரு குடும்பத்துக்குத் தருவது. அது வங்கிக் கணக்கிலோ அஞ்சலகத்திலோ கைபேசியிலோ வரலாம், ரொக்கமாகவும் வரலாம். பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், தாயும் சேயும் சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் திட்டங்கள் உண்டு. மெக்சிகோ 1997-இல் கிராமப்புறங்களில் தொடங்கிய ‘புரோகிரேசா’வும் பிரேசில் 2003-இல் தொடங்கிய ‘போல்சா ஃபமீலியா’வும் இந்த வகை. எந்த நிபந்தனையும் இல்லாமல் தருவதும் உண்டு. முதியோர் உதவித்தொகையும் விவசாயிகளுக்கான வருமான உதவியும் இதே இனம்தான்.

கிராமத்துக் குடும்பத்துக்கு இதில் தனியாக என்ன இருக்கிறது? ஏழ்மை எங்கும் ஏழ்மைதானே?

செலவு தினமும் வருகிறது. வருமானம் தினமும் வருவதில்லை. நிலத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு ஆண்டில் ஒரு முறையோ இரண்டு முறையோதான் கையில் பணம் புரளும். அறுவடை முடிந்தவுடன் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை கீழே கிடக்கும். அப்போதும் விற்றுத்தான் ஆக வேண்டும், கடன்காரர் காத்திருக்கிறார். சில மாதங்கள் கழித்து அதே தானியத்தை ஏறிய விலைக்கு வாங்கிச் சாப்பிட வேண்டியிருக்கும். கூலித் தொழிலாளியின் நிலைமையும் இதே காலண்டரோடு கட்டப்பட்டது: விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் வேலை இல்லை.

இந்த ஏற்ற இறக்கம் வயிற்றோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நாட்களில், கவனத்தையும் சிந்தனையையும் அளக்கும் சோதனைகளை அவர்களுக்குக் கொடுத்தார்கள். பணம் வந்தபின் அதே ஆட்களுக்கே மீண்டும் கொடுத்தார்கள். முன்னதில் மதிப்பெண் குறைவாகவும் பின்னதில் கூடுதலாகவும் இருந்தது. ஆள் அதே ஆள். மாறியது கவலையின் பாரம் மட்டும்.

ஆகவே, பண உதவியைப் பற்றிப் பேசும்போது ‘எவ்வளவு’ என்ற கேள்வியோடு ‘எப்போது’ என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். நான் படித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த இரண்டாவது கேள்விதான். கீழே பல பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

பணம் வந்ததும் வீட்டில் முதலில் என்ன மாறுகிறது?

சாப்பாடு. ஏறக்குறைய எல்லா ஆய்வுகளிலும் முதலில் தெரிவது இதுதான். வேளைகள் கூடுகின்றன, தட்டில் வகை கூடுகிறது, தான் பட்டினி கிடந்து பிள்ளைக்குக் கொடுக்கும் தாய்மார்கள் குறைகிறார்கள்.

அடுத்து கடன். வட்டி ஏறிக்கொண்டிருக்கும் சிறு கடன்கள் அடைகின்றன. அடகுப் பொருள் மீள்கிறது. அதன்பின் ஆடு, கோழி, விதை, உரம், கருவிகள், கூரை. கென்யாவில் ‘கிவ்டைரக்ட்லி’ என்ற அமைப்பு 2011 முதல் 2013 வரை கொடுத்த தொகையை வைத்துப் பல குடும்பங்கள் புல்கூரையை எடுத்துவிட்டுத் தகரக் கூரை போட்டன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் புல்கூரையை அடிக்கடி மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் செலவு. தகரம் பல ஆண்டுகள் தாங்கும். கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள்.

மெக்சிகோவின் கணக்கு இன்னும் துல்லியமானது. பெற்ற ஒவ்வொரு 100 பெசோவிலும் சுமார் 74 பெசோ அன்றாடச் செலவுக்குப் போனது. மீதி 26 பெசோ கால்நடை, நிலம், சிறு தொழில் என்று முதலீடாகியிருந்தது. முதலீடு செய்யச் சொல்லி யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஆண்கள் குடித்துத் தீர்த்துவிட மாட்டார்களா?

எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும் கேள்வி இது. மது, புகையிலை போன்றவற்றுக்கான செலவைப் பார்த்த 19 ஆய்வுகளை உலக வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்துப் பரிசோதித்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது. செலவு கூடவில்லை, சராசரியாகப் பார்த்தால் கொஞ்சம் குறைந்தே இருந்தது. லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று எங்கும் பெரிய வேறுபாடு இல்லை.

குடிக்கும் ஒருவர் உதவித்தொகை வந்ததும் குடியை விட்டுவிடுவார் என்று நான் சொல்லவில்லை. குடிநோய் தனி நோய், அதற்குத் தனி மருத்துவம் தேவை. ஆனால் அந்த ஒருவரைக் காட்டி ஊரிலுள்ள மற்ற அனைவருக்கும் உதவியை மறுப்பது நியாயமாகாது. அந்த வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சும்மா பணம் வந்தால் வேலைக்குப் போவார்களா?

போகிறார்கள். ஆறு நாடுகளில் நடந்த ஏழு திட்டங்களின் தரவுகளை அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட பொருளாதார வல்லுநர்கள் சேர்த்துப் பார்த்து 2017-இல் எழுதினார்கள். உதவி பெற்றதால் வேலை செய்வது குறைந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆனால் வேலையின் தன்மை மாறுகிறது, இதைக் கவனிக்க வேண்டும். சாம்பியாவில் 2010-இல் தொடங்கிய குழந்தை உதவித்தொகைத் திட்டத்தில் தாய்மார்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு தங்கள் நிலத்தில் கூடுதலாக உழைத்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான ‘சேவா’ அமைப்பு யுனிசெஃப் உதவியுடன் 2011-இல் தொடங்கிய சோதனையிலும் இதையே கண்டார்கள். அங்கே பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், சிறாருக்கு 100 ரூபாய். பிறகு அது 300 ஆகவும் 150 ஆகவும் உயர்த்தப்பட்டது. சிறிய தொகைதான். ஆனாலும் கூலிக்குப் போனவர்கள் சிலர் சொந்தச் சாகுபடிக்கும் சிறு தொழிலுக்கும் திரும்ப அது போதுமானதாக இருந்தது.

“கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை” என்ற புகார் ஓரளவு இங்கிருந்துதான் வருகிறது. பசியோடு இருப்பவர் எந்தக் கூலிக்கும் தலையாட்டுவார். நான்கு நாள் தாங்கக்கூடியவர் கூலியைப் பேசிப் பார்ப்பார். இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாதாமாதம் தருவது நல்லதா, மொத்தமாகத் தருவது நல்லதா?

இரண்டும் இரு வேறு வேலைகளைச் செய்கின்றன. மேலே சொன்ன கென்யத் திட்டத்தில் சில குடும்பங்களுக்கு மாதத் தவணையாகவும் சிலருக்கு ஒரே தொகையாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மாதத் தவணை பெற்ற வீடுகளில் உணவு நிலைமை மேம்பட்டது. மொத்தமாகப் பெற்றவர்கள் கூரை, கால்நடை போன்று நிலைத்து நிற்பவற்றை வாங்கினார்கள்.

இதன் நீட்சியாக, அதே நாட்டில் 195 கிராமங்களில் ஒரு பெரிய சோதனை நடக்கிறது. 44 கிராமங்களில் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் சுமார் 22.50 டாலர் 12 ஆண்டுகளுக்கு என்று உறுதி கொடுத்தார்கள். இன்னும் சில கிராமங்களில் அதே மாதத் தொகை 2 ஆண்டுகளுக்கு மட்டும். வேறு சிலவற்றில் அந்த 2 ஆண்டுத் தொகை முழுவதும் ஒரே மூச்சில். 2023-இல் வந்த முடிவுகள் பலரை வியப்பில் ஆழ்த்தின. மொத்தமாகப் பெற்றவர்களும் 12 ஆண்டு உறுதி பெற்றவர்களும் புதிய தொழில்களைத் தொடங்கியிருந்தார்கள். 2 ஆண்டு மட்டும் மாதத் தவணை பெற்றவர்கள் அந்த அளவுக்குத் தொடங்கவில்லை.

12 ஆண்டுக் குழுவும் மாதாமாதம் சிறு தொகைதானே பெற்றது, தொழிலுக்கு முதல் எங்கிருந்து வந்தது? சீட்டுப் போட்டிருக்கிறார்கள். பலர் சேர்ந்து மாதம் ஒரு தொகை போட்டு, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. அடுத்த மாதமும் அதற்கடுத்த ஆண்டும் பணம் வரும் என்று தெரிந்தால்தான் சீட்டுக்கு ஒப்புக்கொள்ள முடியும். உறுதியே அவர்களுக்கு மூலதனமாக மாறியிருக்கிறது.

இதற்கு நேரெதிரான அனுபவம் கானாவினுடையது. 2008-இல் தொடங்கிய ‘லீப்’ திட்டத்தில் தொகையும் சிறியது, அது வந்து சேர்ந்த விதமும் ஒழுங்கற்றது. மாதக்கணக்கில் ஒன்றும் வராது, பிறகு பல தவணைகள் சேர்ந்து வரும். குடும்பங்களின் அன்றாட நுகர்வு உயரவே இல்லை. கிடைத்தபோது கடனை அடைத்தார்கள், கொஞ்சம் சேமித்தார்கள். எப்போது வரும் என்று தெரியாத பணத்தை நம்பி யார் கூடுதலாக உலை வைப்பார்கள்? சாம்பியாவில் தவணை தவறாமல் வந்தது, தொகையும் கணிசமாக இருந்தது; அங்கே சாப்பாடும் கூடியது, கால்நடையும் பெருகியது. இந்த இரு நாடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் ஒரு திட்டத்தையும் வடிவமைக்கக் கூடாது என்பேன்.

பெண்கள் கையில் கொடுத்தால்தான் பயன் என்கிறார்களே?

பெரும்பாலும் சரி, எல்லா இடத்திலும் அல்ல. தென்னாப்பிரிக்காவில் முதியோர் ஓய்வூதியம் 1990-களின் தொடக்கத்தில் கறுப்பின மக்களுக்கும் முழுமையாக விரிவாக்கப்பட்டது. பொருளாதார வல்லுநர் எஸ்தர் டஃப்லோ அந்தத் தரவுகளை ஆராய்ந்தார். பாட்டி ஓய்வூதியம் பெற்ற வீடுகளில் பேத்திகளின் உடல் எடை தேறியிருந்தது. தாத்தா பெற்ற வீடுகளில் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. மறுபுறம், மொராக்கோவின் கிராமங்களில் பள்ளிப் படிப்புக்காகத் தந்த தொகையைத் தந்தைக்குக் கொடுத்தபோதும் தாய்க்குக் கொடுத்தபோதும் பெரிய வித்தியாசம் இல்லை.

பெண் பெயரில் பணம் வந்தால் வீட்டில் சண்டை கூடும் என்ற அச்சமும் உண்டு. இதைத் தேடிப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பான்மை கணவனின் வன்முறை குறைந்ததையே காட்டுகின்றன. காசுக்காக நடக்கும் சண்டை குறைகிறது. “எனக்கென்று ஒரு வரவு இருக்கிறது” என்ற பலமும் சேர்கிறது. ஆனாலும் கணக்குப் பெண் பெயரிலும் அட்டை கணவன் பையிலும் இருந்தால் எந்த மாற்றமும் வராது. அட்டை யாரிடம் இருக்கிறது, ரகசிய எண் யாருக்குத் தெரியும் என்று களப்பணியாளர்கள் தனியே உட்கார்ந்து கேட்க வேண்டும்.

நிபந்தனை வைக்க வேண்டாமா? இல்லாவிட்டால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார்களா?

புரோகிரேசா நிபந்தனை வைத்தது. உயர்நிலை வகுப்புகளில் பெண்பிள்ளைகளுக்குக் கூடுதல் தொகையும் வைத்தது. அந்த வகுப்புகளில் சேர்ந்தவர்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், அதிகரித்தார்கள். நிபந்தனைக்கு ஆதரவாகப் பேசுபவர்களின் வலுவான சான்று அது.

மலாவியின் சோம்பா மாவட்டத்தில் 2008-இல் தொடங்கிய ஆய்வு அதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டியது. நிபந்தனையோடு பெற்ற வளரிளம் பெண்கள் பள்ளியில் நிலைத்தது அதிகம். ஆனால் ஏதோ காரணத்தால் பள்ளியை விட்டுவிட்ட பெண்களைப் பாருங்கள்: நிபந்தனைத் திட்டத்தில் அவர்களுக்குப் பணம் நின்றுவிட்டது. நிபந்தனையில்லாத் திட்டத்தில் தொடர்ந்து வந்தது. அப்படித் தொடர்ந்து பெற்ற பெண்களிடையே இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் வெகுவாகக் குறைந்திருந்தன. யாருக்கு உதவி மிகவும் தேவையோ அவரிடமிருந்துதான் நிபந்தனை முதலில் பறிக்கிறது.

மொராக்கோ ஒரு நடுவழி கண்டது. “இது பிள்ளையின் படிப்புக்கான பணம்” என்று சொல்லிக் கொடுத்தார்கள், வருகைப் பதிவைப் பார்த்துப் பிடித்தம் செய்யவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. என் சாய்வு இந்தப் பக்கம்தான். நிபந்தனையைச் சரிபார்க்கும் செலவையும் அதில் நடக்கும் அலைக்கழிப்பையும் சேர்த்துப் பார்த்தால் சாய்வு இன்னும் கூடுகிறது. பக்கத்தில் பள்ளியே இல்லாத ஊரில் பள்ளி வருகையை நிபந்தனையாக்குவது கொடுமை.

குழந்தைகளின் உடல்நலத்தில் மாற்றம் வருமா?

வருகிறது, சில இடங்களில் உயிரையே காக்கிறது. வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள 37 நாடுகளின் தரவுகளைச் சேர்த்த ஓர் ஆய்வு 2023-இல் வெளியானது. பண உதவித் திட்டங்கள் நடந்த காலத்தில் பெண்களின் இறப்பு சுமார் 20 சதவீதமும், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு சுமார் 8 சதவீதமும் குறைந்திருந்தன.

கென்யாவின் சியாயா பகுதியில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிறப்புகளின் விவரங்களைத் திரட்டி 2025-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிய பலன் இன்னும் பெரியது: பணம் பெற்ற வீடுகளில் சிசு மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பிரசவத்தை ஒட்டிப் பணம் வந்திருந்தால்தான் இந்தப் பலன் வலுவாகத் தெரிந்தது. நிறைமாதத்தில் தாய் கடும் உழைப்பைக் குறைத்துக்கொள்ள முடிந்தது, மருத்துவமனைக்குப் போய்ப் பிள்ளை பெற முடிந்தது. அருகில் நல்ல மருத்துவமனை இருந்த ஊர்களில் பலன் அதிகம். வண்டிக்கூலி கையில் இருக்கிறது, போய்ச் சேர மருத்துவமனையும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தபோது குழந்தை பிழைத்தது.

மனநிலையில்?

இந்தோனேசியாவின் பண உதவித் திட்டத்தை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரை, திட்டம் வந்த பகுதிகளில் தற்கொலைகள் சுமார் 18 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. மழை பொய்த்து விவசாயம் கெட்ட ஆண்டுகளில் இந்தப் பாதுகாப்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஊரில் பணம் கிடைக்காதவர்கள் என்ன ஆவார்கள்?

இரண்டு விதமான பதில் உண்டு. பணமாகப் பார்த்தால் அவர்களுக்கும் நன்மை சேர்கிறது. மெக்சிகோவில் உதவி பெறாத வீடுகளிலும் உணவுச் செலவு உயர்ந்தது. உறவினர்களும் அண்டை வீட்டாரும் கைமாற்றாகவும் அன்பளிப்பாகவும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். சியாயாவில் 653 கிராமங்களில் நடந்த ஆய்வில், 10,500-க்கும் அதிகமான குடும்பங்கள் சுமார் 1,000 டாலர் வீதம் பெற்றன. உள்ளே வந்த ஒவ்வொரு டாலரும் வட்டாரப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய 2.5 டாலர் அளவுக்கு நடமாட்டத்தை உண்டாக்கியது. உதவி பெறாத குடும்பங்களின் செலவும் பெற்றவர்களுக்கு இணையாக உயர்ந்தது. தச்சருக்கு வேலை, கடைக்காரருக்கு வியாபாரம், கொத்தனாருக்குக் கூலி.

மனத்தளவில் வேறு கதை. கென்யாவின் முந்தைய ஆய்வில், பக்கத்து வீட்டுக்குப் பெருந்தொகை வந்தபோது வராதவர்களின் மனநிறைவு குறைந்திருந்தது. ஒரே மாதிரி வறுமையில் வாழும் இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு மட்டும் கிடைத்தால் மற்றதற்கு வலிக்கத்தான் செய்யும். மிக ஏழ்மையான கிராமங்களில் வீடு வீடாகப் பிரித்துத் தேர்வு செய்யாமல் ஊர் முழுவதற்கும் தருவதே நல்லது என்று நான் எண்ணுவதற்கு இது முக்கியக் காரணம்.

எல்லோர் கையிலும் பணம் வந்தால் விலை ஏறிவிடாதா?

சியாயாவில் மிகப் பெரிய தொகை இறங்கியும் விலைவாசி 0.1 சதவீத அளவே உயர்ந்தது. வெளியூர்களோடு போக்குவரத்து நன்றாக இருக்கும் இடத்தில், தேவை கூடினால் சரக்கும் கூடுதலாக வந்துவிடுகிறது.

ஒதுக்குப்புற ஊர்களில் அப்படியல்ல. பிலிப்பீன்ஸில் பயனாளிகள் அடர்த்தியாக இருந்த கிராமங்களில் முட்டை போன்ற, விரைவில் கெடக்கூடிய சத்துணவுகளின் விலை ஏறியது. உதவி பெறாத வீட்டுக் குழந்தைகளின் வளர்ச்சி பாதிக்கப்பட்டது. பண உதவிக்கு ஆதரவானவர்கள் இந்த முடிவை ஒதுக்கிவிடக் கூடாது. சாலை இல்லாத, வாரச் சந்தை மட்டுமே உள்ள ஊருக்குப் பணத்தை மட்டும் அனுப்பினால் அதன் பாரம் அங்கே இருக்கும் வேறொரு குழந்தையின் மேல் விழலாம்.

அப்படியானால் தானியமாகவே கொடுத்துவிடலாமே?

சந்தை ஒழுங்காக இயங்கும் இடத்தில் பணம் நல்லது. இயங்காத இடத்தில் பொருள் நல்லது. மெக்சிகோவில் ஏறக்குறைய 200 கிராமங்களில் சிலவற்றுக்கு உணவுப் பெட்டியும் சிலவற்றுக்குப் பணமும் கொடுத்துப் பார்த்தபோது, பெட்டி வந்த ஊர்களில் உணவு விலை சற்று இறங்கியது. ஒதுங்கிய ஊர்களில் இந்த வித்தியாசம் கூடுதல்.

இருக்கும் தானியத்தைப் பிடுங்கிவிட்டு அதற்குப் பதில் பணம் தருவது இன்னொரு விஷயம், அதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஜார்க்கண்டின் நாக்டி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் ஒரு சோதனை தொடங்கியது. கிலோ ஒரு ரூபாய்க்குக் கிடைத்துவந்த ரேஷன் அரிசிக்கான மானியம் வங்கிக் கணக்கில் போடப்பட்டது. அதை எடுத்துச் சென்று அதே ரேஷன் கடையில் கிலோ சுமார் 32 ரூபாய்க்கு வாங்க வேண்டும். வங்கிக்கு ஒரு நாள், பணம் ஏறியதா என்று பார்க்க ஒரு நாள், எடுக்க ஒரு நாள், கடைக்கு ஒரு நாள். எத்தனை நாள் கூலி போயிற்று என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த ஆண்டு நடந்த கள ஆய்வில் 97 சதவீதக் குடும்பங்கள் இதை எதிர்த்தன. 2018-இல் சோதனை கைவிடப்பட்டது. பணத்தின் மேல் மக்களுக்கு வெறுப்பில்லை. நிச்சயமாகக் கிடைத்த ஒன்று நிச்சயமற்றதாக மாறியதைத்தான் எதிர்த்தார்கள்.

பணம் அனுப்பியாகிவிட்டது என்கிறார்கள், கைக்கு வரவில்லை. ஏன்?

பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், கணக்கு முடங்கியிருக்கும், உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்காது, பணம் வேறு கணக்கில் ஏறியிருக்கும். மேலிருந்து பார்க்கும் கணினித் திரையில் அது ‘செலுத்தப்பட்டது’. அந்த வயதான பெண்மணிக்கு அது மூன்றாவது முறையாக வீணான பயணம்.

தொழில்நுட்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அது நன்றாகவும் வேலை செய்திருக்கிறது. பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தில் கைரேகை அட்டை மூலம் ஊரக வேலைத் திட்டக் கூலி தந்தபோது இடையிலேயே பணம் கசிந்துபோவது குறைந்தது, பணம் பெறச் செலவான நேரமும் சுமார் 20 சதவீதம் குறைந்தது. நைஜரில் வறட்சிக்குப் பின் கைபேசி வழியாகப் பணம் பெற்ற பெண்கள் அலைச்சலை மிச்சப்படுத்தினார்கள், அந்த வீடுகளில் உணவு வகையும் கூடியது. கோளாறு வந்தால் யாரிடம் போவது, அவர் எத்தனை நாளில் சரிசெய்வார் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் கருவியை மட்டும் நிறுத்துவது பயன் தராது.

யார் விடுபட்டுப் போகிறார்கள்?

நிலத்தை வைத்துக் கணக்கிட்டால் நிலமற்றவர். இந்தியாவின் பிரதமர் கிசான் திட்டம் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தருகிறது. குத்தகைக்கு எடுத்து உழுபவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் அதில் இடமில்லை. ஒடிசாவின் ‘காலியா’ திட்டம் பங்குச் சாகுபடியாளரையும் நிலமற்றவரையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டது. அது முடியாத காரியமல்ல என்பதற்கு அதுவே சான்று. வேலை தேடி இடம்பெயர்ந்துகொண்டே இருப்பவர், கணவன் விட்டுப்போன பெண், ஆவணம் இல்லாதவர் ஆகியோரும் பட்டியலில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

உதவி நின்றுபோனால் பழைய நிலைக்கே வந்துவிடுவார்களா?

சிலர் வருவார்கள், இதை மறைக்க வேண்டியதில்லை. மலாவியில் நிபந்தனையில்லாமல் பெற்ற பெண்களிடம் தெரிந்த நல்ல மாற்றங்கள், இரண்டு ஆண்டுத் திட்டம் முடிந்தபின் பெரும்பாலும் கரைந்துபோயின. வட உகாண்டாவில் இளைஞர் குழுக்களுக்குத் தொழில் தொடங்கத் தந்த மானியம் 4 ஆண்டுகளில் வருமானத்தை 40 சதவீத அளவுக்கு உயர்த்தியது. ஆனால் 9 ஆண்டுகளில் மானியம் பெறாதவர்களும் அவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

நீண்ட நாள் நிற்கும் பலனுக்குப் பணத்தோடு வேறு சிலவும் தேவைப்படுகின்றன. வங்கதேசத்தில் ‘பிராக்’ அமைப்பு 2002-இல் தொடங்கிய முறை இப்படிப்பட்டது: ஒரு கால்நடை அல்லது தொழில் கருவி, சில மாதங்களுக்குச் செலவுப் பணம், பயிற்சி, வாரந்தோறும் வந்து பார்க்கும் ஒருவர். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் இதைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், உதவி முடிந்து ஓராண்டு கழித்தும் பெரும்பாலான நாடுகளில் பலன் நீடித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு குழந்தை அந்த இரண்டு ஆண்டுகள் வயிறாரச் சாப்பிட்டது என்றால், பிறகு வருமானம் பழைய இடத்துக்கே வந்தாலும் அந்த இரண்டு ஆண்டுகள் வீணல்ல.

வெள்ளம், வறட்சி வரும்போது?

வந்தபின் கொடுப்பதைவிட வருவதற்கு முன் கொடுப்பது மேல். 2020 ஜூலையில் வங்கதேசத்தின் ஜமுனா ஆற்றில் வெள்ளம் வரும் என்ற முன்னறிவிப்பு கிடைத்ததும், ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 23,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 4,500 டாக்கா வீதம் உடனே அனுப்பியது. வெள்ள நாட்களில் ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருக்க நேர்ந்த குடும்பங்கள், உதவி பெற்றவர்களிடையே கணிசமாகக் குறைவு. ஆட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாமல் மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் செல்ல ஒரு நாள் அவகாசம் போதும்.

நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிற்றூரின் குடும்பங்களுக்குச் சிறு அளவில் உதவ நினைக்கிறோம். எதில் தொடங்குவது?

அந்த ஊரின் ஆண்டை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எந்த மாதங்களில் வேலை இல்லை, எப்போது விதைப்பு, எப்போது பள்ளிச் செலவு, எப்போது கடன் வாங்குகிறார்கள் என்று பெண்களிடம் கேளுங்கள். அரை நாள் போதும், ஒரு தாளில் 12 மாதங்களையும் எழுதிவிடலாம். எத்தனை மாதம் தர முடியும் என்பதைக் கையிலுள்ள தொகையை வைத்து முடிவு செய்யுங்கள். வரப்போகும் நன்கொடையை அதில் சேர்க்காதீர்கள். ஆறு மாதம்தான் முடியும் என்றால் ஆறு மாதம் என்று முதல் நாளே சொல்லுங்கள், கடைசித் தவணையின் தேதியையும் சேர்த்து. சொன்ன தேதிக்கு ஒரு நாள் தாமதமாகும் என்று தெரிந்தால் அதற்கு முன்னாலேயே ஆள் அனுப்பித் தெரிவியுங்கள். அந்தத் தேதியை நம்பி யாரோ ஒரு பெண் கடைக்காரரிடம் வாக்குக் கொடுத்திருப்பார்.